ஒரு நாள், மூணு தரம்

அவருக்கு மெதுவாகப் பேச வராது. குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலம் விளித்தவர். காற்று, அலை, விசைப்படகு எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்க வேண்டிய தொண்டை. வீட்டுக்குப் போகும்போதும் அந்தத் தொண்டையைக் கழற்றி வைக்கமாட்டார். பூசையில் சாமியார் ஜெபத்தை முடிப்பதற்குள் இவருடைய ஆமென் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆளை நான் பார்த்தது ஒரு ரகசியக் கூட்டத்தில்.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற கூட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பேர் கேட்கக் கூடாது. வீடு கேட்கக் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஊரை வைத்தோ தொழிலை வைத்தோ கூப்பிடுவோம். நான் மயிலாடி. கூட்டத்தை நடத்துகிறவர் ரிட்டயர் ஆன வாத்தியார். அவர் சார். இவர் ஏலம். அவருடைய சொந்தப் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பேர் வெட்டிப் பிழைக்கிறவன். கல்லறைக் கல், அடிக்கல், நினைவுக் கல். எத்தனையோ பேர் வெட்டியாயிற்று. வேண்டிய ஒரு பேர் தெரியாது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஒரு எழுத்தைக் கல்லில் இறக்க எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று தெரிந்தவன் அதிகம் பேசமாட்டான். நானும் அப்படித்தான். இவ்வளவு நீளமாக நான் எதைப் பற்றியும் சொன்னதில்லை. அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் அவருக்கே பிடிக்காது.

நான் குடித்தேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. முதலில் வேலை முடிந்து. பிறகு வேலைக்கு நடுவே. கடைசியில் வேலைக்கு முன்னால். கை நடுங்கியது. ஒருநாள் ஒரு பெரியவருக்கு நினைவுக் கல் வெட்டினேன். தோற்றம் இருக்க வேண்டிய இடத்தில் மறைவை வெட்டிவிட்டேன். மறைவு இருக்க வேண்டிய இடத்தில் தோற்றம். வெட்டி முடித்து, கறுப்பு மையும் பூசிக் கொடுத்தேன். செத்த பிறகு பிறந்த மனிதரைப் பார்த்து அவர் பிள்ளைகள் கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து என் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரி அதை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்லைக் கவிழ்த்துப் போட்டு அதில் துணி துவைத்தாள்.

இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்தேன். ஒரு தடவை அல்ல. மகள் தலையில் கை வைத்து ஒரு தடவை. முருகன் சன்னிதியில் ஒரு தடவை. இப்படி ஐந்து. ஐந்தாவது சத்தியம் எட்டு நாள் தாங்கியது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தக்கலையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னாள்.

"அஞ்சு ஆயுசு தந்தாச்சு. இனி ஒண்ணும் தராண்டாம்."

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாதான் கூட்டத்தைச் சொன்னது. குளச்சல், கோயிலுக்குப் பின்னால் உள்ள கட்டடம், நாலு மணி. "உள்ளதைச் சொல்லணும். அவ்வளவுதான்" என்றார்கள். சுனாமியில் கடல் ஏறி ஒன்றரை வருஷம் இருக்கும். கடற்கரைத் தெருக்களில் பாதி வீடு அப்போதும் கூரை இல்லாமல் நின்றது.

எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். கடற்கரையிலும் மேற்கேயும் சாராயம் குடிக்கிறதுக்கும் வெள்ளமடி என்றுதான் சொல்வார்கள். அந்த ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பேச்சில் கேட்போம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு பெட்டிக்கடையில் போய் நின்று, தலையைக் குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"இந்த வெள்ளத்துக்க கூட்டம் எங்கணே?"

கடைக்காரர் கையைக் காட்டினார். "அந்தா, தொடங்கியாச்சு. வெரசா போவும்."

போனேன். கீழ்த்தளத்தில் ஒரு ஹால். உள்ளே எல்லாம் பெண்கள். முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் குடம். இத்தனை பெண்களா குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். கடற்கரையில் இப்படியும் இருக்கும் போலிருக்கிறது. குடம் எதற்கு என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை. ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முன்னால் நின்ற ஒரு தடித்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஓய், நீரு எந்தத் தெரு?"

"நான் கொஞ்சம் தூரம்."

"தூரமானா என்ன? சொல்லும். உமக்கு வெள்ளம் கிட்டி எத்தர நாளாச்சு?"

தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். நர்ஸ் அம்மா உள்ளதைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"நேத்தைக்கு" என்றேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நேத்தைக்கா?"

"ஆமா. ராத்திரி வரைக்கும்."

"ராத்திரி வரைக்குமா! எங்களுக்குப் பத்து நாளா ஒரு சொட்டு இல்ல. இவருக்கு ராத்திரி வரைக்கும் கிட்டியிருக்கு, கேட்டியளா! தெனமுமா?"

"தெனமும்தான். காலம்பறயே தொடங்கீரும்."

"காலம்பறயுமா!" இன்னொருத்தி எழுந்துவிட்டாள். "எத்தர கிட்டும்?"

"முதல்ல கால்தான். பின்ன அரை ஆச்சு. இப்ப முழுசு இல்லாம பத்தாது."

"ஒரு முழுக் குடமா? வீட்டுல எத்தர பேரு?"

"நான் ஒருத்தன்தான். கெட்டினவ தொடமாட்டா."

"தொடமாட்டாளா, நீரு தொட விடமாட்டீரா? பெண்டாட்டிக்கு ஒரு வாய் வெள்ளம் குடுக்காத மனுசன் கூட்டத்துக்கு வந்திருக்கான் பாரு!"

நாலைந்து குடம் தரையில் இறங்கியது. என்னை அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். அடித்தாலும் நியாயம் என்றுதான் பட்டது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பொருந்தியது.

அப்போதுதான் ஹாலுக்கு வெளியே படிக்கட்டில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. வெடி போட்ட மாதிரி. சன்னல் கம்பி அதிர்ந்தது. கறுத்த, உயரமான ஆள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏ பிள்ளையளா, அவன விடுங்கோட்டி! அவன் எனக்க ஆளு! அவன் மேல வரவேண்டியவன்! அவனுக்க வெள்ளம் வேற வெள்ளமாக்கும்!"

அரை நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் விளங்கியது. அந்த ஹால் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. தடித்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மூடி வைத்திருந்த ரகசியம் தெரு முழுக்கக் கேட்டாயிற்று. அவர் வந்து என் கையைப் பிடித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் குடத்தோடு நின்ற ஒரு சின்ன வயசுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, எனக்க மாப்பிளயயும் ஒருநாள் மேல கொண்டு போவுமே."

"கொண்டு போவேன் மக்கா!" என்றார் அவர். அதுவும் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மேலே ஒரு பாலர் பள்ளி. ஞாயிறு விடுமுறை. குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் பன்னிரண்டு ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அ, ஆ, இ, ஈ. குடிக்கக் கட்டன்சாயா, கடிக்கப் பழம்பொரி. சார் மெலிந்த மனிதர். அவர் பேச்சு அவர் சட்டையைத் தாண்டி வராது.

"ஏலம், கீழ என்ன சத்தம்? இது ரகசியமா நடக்க வேண்டிய கூட்டம் இல்லியா?"

"நான் மெதுவாத்தானே சார் சொன்னேன்!"

ஒவ்வொருவராகப் பேசினார்கள். என் முறை வந்தது. எழுந்தேன். பழக்கம். வாயில் அதுதான் வந்தது.

"இனி குடிக்கமாட்டேன். ஆயுசுக்கும்."

சார் தலையை ஆட்டினார். அவர் அடுத்த ஆளைப் பார்ப்பதற்குள் ஏலம் குதித்து எழுந்தார். சின்ன மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

"ஆயுசு! ஆயுசு! மயிலாடி ஆயுசுக்குக் கேக்கான்! கூடுதல், கூடுதல்! எறங்கு மக்கா, எறங்கு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். "கொறச்சுக் கேளும்."

"ஒரு வருஷம்" என்றேன்.

"வருசம்! ஒரு வருசத்தத் தூக்க உனக்க தோளு காணுமா? எறங்கு!"

"ஒரு மாசம்."

"மாசத்துல முப்பது சாயங்காலம் கெடக்குலே! எறங்கு!"

"ஒரு வாரம்."

"வாரத்துக்குள்ள சனிக்கிழமை ஒளிஞ்சிருக்கு! எறங்கு, எறங்கு!"

வேர்த்துவிட்டது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "ரெண்டு நாள்" என்றேன்.

"நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேளு! மீன ஸ்டாக்கு வச்சா நாறும். நாளும் அப்பிடித்தான்! எறங்கு!"

"இண்ணைக்கு" என்றேன்.

"இண்ணைக்கு! ஒரு நாள்! மயிலாடி ஒரு நாளைக்குக் கேக்கான்! ஒரு தரம்! ரெண்டு தரம்! இதுக்குக் கீழ ஆருக்காவது வேணுமா? இல்ல! மூணு தரம்!"

பன்னிரண்டு பேரும் கையில் அகப்பட்டதில் தட்டினார்கள். அவர் என் முன்னால் வந்து, இரண்டு கையாலும் ஒரு மீன் கூடையைத் தூக்கிக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

"மயிலாடிக்கு ஒரு நாள். எடுத்துக்கிட்டுப் போ மக்கா."

கை நீட்டி வாங்கினேன். வெறும் கைதான். பஸ்ஸில் மயிலாடி வரைக்கும் அதை மூடியே வைத்திருந்தேன்.

அன்றைக்குக் குடிக்கவில்லை.

ஏலத்தில் விலை ஏறும். பிழைப்பு முழுக்க ஏற்றி விளித்தவர். கூட்டத்தில் மட்டும் இறக்கினார். யார் புதிதாக வந்தாலும் ஆயுசுக்குத்தான் கேட்பான். அவனை ஒரு நாளுக்கு இறக்காமல் இவர் விடமாட்டார். சாருக்கு இது பிடிக்காது. நம் கூட்டத்தின் முறை இது இல்லை என்பார். ஆனால் ஞாயிறுதோறும் ஏலம் வருகிற வரைக்கும் சார் சாயாவில் கை வைக்கமாட்டார். நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் தக்கலைக்குப் போனேன். வீட்டுக்காரி முற்றத்தில் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அடுத்த ஆயுசு கொண்டு வந்திருக்கியளா? உள்ளதையே வைக்க எடம் இல்ல."

"இல்ல. இண்ணைக்கு குடிக்கல."

"நாளைக்கு?"

"நாளைக்கு உள்ளத நாளைக்குச் சொல்லுதேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் மயிலாடி பூத்திலிருந்து போன் போட்டேன்.

"இண்ணைக்கும் இல்ல."

"கேட்டாச்சு" என்று வைத்துவிட்டாள்.

அதற்கு மறுநாளும் அப்படியே. நான் இரண்டு சொல், அவள் ஒரு சொல். ஐந்து மாதம் எங்கள் குடும்பம் அவ்வளவுதான் பேசியது. பூத்துக்காரருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் காய்ச்சல். எழுந்து போக முடியவில்லை. போன் போகவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நேரே குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள். பிறகு நெற்றியைத் தொட்டாள். கஞ்சி வைத்தாள். மத்தியானம் முற்றத்தில் அந்தக் கல்லில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு இதை ஏலத்திடம் சொன்னேன். அவர் சன்னலைத் திறந்து வெளியே தலையை நீட்டி, "மயிலாடிக்க பெண்டாட்டி வந்தாச்சு!" என்று விளித்தார். கீழே தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். ஆமாம், குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. "வெள்ளத்துக்குக் குடுத்த மனுவுல உமக்க கையெழுத்தும் உண்டு ஓய்!" என்று தடித்த அம்மா கீழேயிருந்து சொன்னாள். சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ரகசியம் அவரிடம் எப்படிப் பிழைக்கும்? ஒருநாள் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு. நல்ல கூட்டம். மயிலாடி பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோடியிலிருந்து சத்தம்.

"மயிலாடீ! இண்ணைக்கு எத்தர?"

அவர் தலை தெரியவில்லை. தொண்டை மட்டும் வருகிறது. நான் சன்னல் வழியாக ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒண்ணா? சபாஷ் மக்கா! எனக்கும் ஒண்ணு!"

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த தெருக்காரர் கேட்டார்.

"யாரு அது?"

"குளச்சல்ல மீன் ஏலம் விளிக்கிறவரு" என்றேன். அது பொய் இல்லை.

"ஓஹோ, மீன் யாவாரமா! அதான் ஞாயித்துக்கிழமை தோறும் பஸ் ஏறுதீரோ? நெய்மீன் வந்தா நமக்கும் ஒரு துண்டு சொல்லும்."

அன்றிலிருந்து நான் மீன் வியாபாரி. கூட்டம் முடிந்து வெறுங்கையோடு வந்தால் சந்தேகப்படுவார்கள். அதனால் ஞாயிறுதோறும் ஒரு பை அயிலையோ சாளையோ வாங்கி வந்து தெருவில் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏலம்தான் பொறுக்கித் தருவார். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார். எங்கள் தெருவுக்கு அந்த வருஷங்களில் நல்ல மீன் கிடைத்தது. இதைச் சொன்னால் கூட்டத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் சொல்வேன். அதற்கு இன்னும் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு தடவை அவர் மெதுவாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். அலைத்தடுப்புப் பாறை மேல் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கல்லில் எழுத்து நிற்குமா என்று கேட்டார். உப்புக் காற்றில் நிற்காது என்றேன். பாறையை உள்ளங்கையால் தடவினார்.

"மக்கா, கடலு ஏறினது கிறிஸ்மசுக்கு மறுநாளு. ஞாயித்துக்கிழமை காலம்பற. நான் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால மேட்டுல கெடந்தேன். தலைநாளு கிறிஸ்மசுக்கு அடிச்சது தெளியல. கண்ணு முழிச்சேன். கடலு உள்வாங்கிப் போவுதது தெரிஞ்சுது. என்னமோன்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கீழ எனக்க தம்பி கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டு இருந்தான். எனக்க சத்தம் எத்தர தூரம் போவும்னு உனக்குத் தெரியும்லா? அவனுக்குக் கேக்கும். அந்தக் கரை முழுக்கக் கேக்கும். வாயத் தொறந்தேன் மக்கா. நாக்கு எழும்பல."

எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அந்த நாளிலிருந்து அவர் குடியைத் தொடவில்லை. அதிலிருந்துதான் இந்தச் சத்தமும் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் ஏலத்துக்கு மட்டும் சத்தம் போடுகிறவராக இருந்திருக்கலாம். பிறகு எல்லாவற்றுக்கும்.

இப்போது அவர் குளச்சலில் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் கேரளத்தில். பேரப்பிள்ளை பிறந்ததும் அங்கே போய்விட்டார். அங்கேயும் ஒரு துறைமுகம் இருக்கிறதாம். அந்த ஊர்க்காரர்கள் இப்போது சரியாகத் தூங்கமாட்டார்கள். அது பிறகு நடந்தது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடல் ஏறிய ஐந்தாவது வருஷம். டிசம்பரில் செத்தவர்களுக்குக் கல்லறையில் ஜெபம் வைப்பார்கள். அந்த வருஷம் செத்தவர்களின் பேர்களை எல்லாம் வாசிக்கலாம் என்று முடிவு செய்தார்களாம். மைக் இல்லை. உரக்க வாசிக்க ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தான். பட்டியலைக் கையில் வாங்கி ஒவ்வொரு பேராக விளித்தாராம். கடல் வரைக்கும் கேட்டதாம். தம்பி பேரும் அதில் உண்டு. அதையும் விளித்தார். கடைசிப் பேர் வரைக்கும் குரல் உடையவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு நேரே பிராந்திக் கடைக்குப் போனார்.

மறுநாள் ஞாயிறு. அவர் வரவில்லை. சாயா ஆறியது. அடுத்த ஞாயிறும் இல்லை. துறைமுகத்தில் வேறு யாரோ விளிக்கிறார்கள் என்றார்கள். இவர் கடைக்குப் பின்னால் மணலில் கிடக்கிறார் என்றார்கள். நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன். சார் என் கையைப் பிடித்தார்.

"கூட்டிட்டு வந்தா உட்காருவாரு. தானே வந்தாத்தான் நிப்பாரு. இரும்."

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குப் பயம் வந்தது. கல்லில் வெட்டியது மாதிரி நின்ற மனிதர் அவர். அவரே சாய்ந்தால் நான் எந்த மூலைக்கு? மயிலாடியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் பிராந்திக் கடை. இறங்கினேன். விளக்கு எரிந்தது. மீன் பையோடு நின்றேன். பூத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இண்ணைக்கும் இல்லியா?" என்று சும்மா கேட்டார். "இண்ணைக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவருக்குத் தெரியாது அவர் என்ன செய்தார் என்று.

மூன்றாம் ஞாயிறு. கூட்டம் சார் எப்போதும் விரும்புகிற மாதிரி நடந்தது. ஒரு சத்தம் இல்லை. பேசுகிறவன் பேசினான், கேட்கிறவன் கேட்டான். நடுவில் சாரே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"என்னமோ செத்த வீடு மாதிரில்லா இருக்கு" என்றார்.

அப்போது படியில் கால் சத்தம்.

வாசலில் நின்றார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். இரண்டு வாரத் தாடி. சட்டையில் மணல். உள்ளே கால் வைக்கவில்லை. சார் "வாரும்" என்றார். வரவில்லை. வாயைத் திறந்தார். குரல் இல்லை. தொண்டை அறுந்து, காற்றுதான் வந்தது.

"அஞ்சு வருசம் சார். அழுகிப் போச்சு."

அவர் சுவரைப் பார்த்தார். அ, ஆ, இ, ஈ. பிறகு ஒரு கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்.

"இனி தொடமாட்டேன். தம்பி சத்தியமா. இனி ஆயுசுக்கும்..."

ஆயுசு.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஏறியது. என் வீட்டு முற்றத்தில் அப்படி ஐந்து கிடந்தது. நான் எழுந்தேன். நாற்காலி என்னோடு எழுந்தது, கீழே விழுந்தது. மேசையில் ஓங்கி அறைந்தேன். கல் வெட்டுகிற கை. சாயா கிளாஸ் குதித்தது.

"ஆயுசு!"

அது என் குரலா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்திருப்பேன்.

"ஏலம் ஆயுசுக்குக் கேக்காரு! கூடுதல்! எறங்கும் ஓய், எறங்கும்!"

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்து கிடந்தது. தலையை ஆட்டினார், முடியாது என்று.

"எறங்கும்!"

"ஒரு வருசம்" என்றார், காற்றாக.

"கூடுதல்! வருசத்தத் தூக்க உமக்குத் தோளு காணாது! எறங்கும்!"

"மாசம்."

"முப்பது சாயங்காலம்! எறங்கும்!"

பக்கத்தில் இருந்தவன் மேசையைத் தட்டினான். இன்னொருவன் சுவரைத் தட்டினான். "எறங்கும்! எறங்கும்!" சார் டம்ளரைப் பெஞ்சில் தட்டினார். சார்!

"வாரம்" என்றார்.

அதோடு நின்றுவிட்டார். நானும் நின்றேன். என்னிடம் சொல் தீர்ந்துவிட்டது. அவர் எப்போதும் ஏதாவது புதிதாகச் சொல்வார். எனக்கு வரவில்லை. ஒரு மூச்சு நேரம் எல்லாம் கையைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அவர் கால் ஒரு படி கீழே இறங்கியது.

கீழேயிருந்து, குழாயடியிலிருந்து, அந்தத் தடித்த அம்மாவின் குரல் வந்தது.

"ஓய் ஏலம்! அதான் மேல அவ்வளவு பேரு சொல்லுதாவல்லா? எறங்கி வாருமேன்!"

மேலே யாரோ களுக்கென்று சிரித்துவிட்டான். அதோடு எல்லோரும். அவர் முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. இறக்கி வைத்த காலை மறுபடி மேலே தூக்கி வைத்தார்.

"இண்ணைக்கு" என்றார்.

"இண்ணைக்கு! ஒரு நாள்! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

மூன்றாவது வரவில்லை. ஓங்கிய கை மேசைக்கு மேலேயே நின்றது. அவர் வாசலில் நின்றபடி என்னையே பார்த்தார். தொழில்காரரின் பார்வை.

"முடி மக்கா" என்றார். "சரக்கு வெயில்ல கெடக்கு."

"மூணு தரம்!"

மேசையில் விரிசல் விட்டது. பிறகு நாங்கள்தான் புது மேசை வாங்கிக் கொடுத்தோம். நான் அவர் முன்னால் போய் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன். அவர் செருப்பைக் கீழே போட்டார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வாங்கின கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பாலர் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். சார் அவர் பக்கம் சாயாவைத் தள்ளினார்.

மறுநாள் திங்கள். வாசலில் ஒரு கல்லில் எழுத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகத் தொடங்கிய மகள் வாங்கித் தந்த செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். உடனே தள்ளிப் பிடித்தேன். பின்னால் காக்கை, படகு, ஆள் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கரகரத்த தொண்டை.

"மயிலாடீ! ஒண்ணு!"

முற்றத்தில் துவைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி நிமிர்ந்தாள். அவளுக்கே கேட்டிருந்தது.

"யாரு?"

"மீன்காரரு" என்றேன்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, அதற்குள் சொன்னாள்.

"கேட்டாச்சு!"